தெரிந்த நபர் ஒருவர் கையால்

கோர்ட்டு வராந்தாவில் கிடந்த மர பெஞ்சின் கோடியில் ரேணுகாதேவி உட்கார்ந்திருந்தாள். பத்தரைக்கே மாஜிஸ்திரேட் அம்மா வந்துவிட்டார். டவாலி வாசலில் நின்று பெயர் பெயராகக் கூப்பிட ஆரம்பித்து அரைமணி நேரம் ஆகிறது. உன் கேஸ் ஒன்பதாவது, பன்னெண்டு ஆயிரும், தண்ணி கிண்ணி குடிச்சுக்கோ என்று சொல்லிவிட்டு மகளிர் ஸ்டேஷன் ஏட்டு விஜயராணி உள்ளே போயிருந்தார். உன் கேஸ். ஆனால் சம்மன் கொண்டுவந்த அன்று இதே விஜயராணிதான் வேறு மாதிரி சொன்னார். இது உன் கேஸ் இல்ல ரேணு, சர்க்காரோட கேஸ், நீ அதுல சாட்சி, ஒண்ணாம் நம்பர் சாட்சி. சம்மனில் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் அரசு, இன்னொரு பக்கம் சென்னியப்பன். நடுவில் அவள் பெயரே இல்லை. அடி வாங்கியது அரசாங்கமா என்று அன்றைக்குச் சிரிப்புக்கூட வந்தது. சென்னியப்பன் பெயருக்கு முன்னால் எதிரி என்று போட்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் எழுதுவார்களாம், அது ஒரு வழக்கம், அதற்கு வேறு அர்த்தம் வைத்துக்கொள்ளாதே என்றார் விஜயராணி. வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? எதிரி. எதிரே புங்கமரத்தடியில் அந்த எதிரி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். முதுகுதான் தெரிந்தது. உச்சந்தலையில் முடி போய்விட்டது. இரண்டு வருஷத்தில் அவ்வளவு போய்விட்டதே, எண்ணெய் வைக்கிறாரா இல்லையா என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான், அதை நினைக்க இன்றைக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று தன் மேலேயே கோபம் வந்தது.

சனிக்கிழமை காலையில் அந்தத் தலைக்கு நல்லெண்ணெய் தேய்ப்பது அவள் வேலை. பட்டறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சென்னிமலை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும் எரிந்து போனால் பிரித்து, கருகின கம்பியை வெட்டி எடுத்து, புதுச் செப்புக் கம்பியால் காயில் கட்டித் தருகிற இடம். கல்யாணமாகி மூன்றாம் மாதமே அவளும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுல தனியா எனத்தப் பண்ணுவ, வா அம்மிணி, கம்பி சுத்தப் பழகிக்கோ என்று அவர்தான் கூப்பிட்டார். எதிரெதிரே உட்கார்ந்து, அவர் மோட்டாரின் உள்வட்டத்தில் இருக்கிற ஸ்லாட்டுப் பள்ளத்துக்குள் கம்பியைத் தள்ள, அவள் இந்தப் பக்கம் வாங்கி இழுத்து நேராக்கித் திருப்பித் தர வேண்டும். கம்பி தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன். மேலே பூசிய இனாமல் ஒரு இடத்தில் உரிந்தாலும் மோட்டார் மறுபடி எரிந்துவிடும். பார்த்து, பார்த்து, அது பச்சக் கொழந்தையாட்ட, என்பார். வார்னிஷில் முக்கி எடுத்துக் காயவைக்கும்போது கொட்டகை முழுக்க ஒரு வாசனை வரும். மற்றவர்களுக்குத் தலைவலிக்கும், அவளுக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கிறது. இன்றைக்கு ஈரோட்டில் அவள் வேலை செய்கிற ஃபேன் காயில் கம்பெனியில் அதே வாசனைதான், காலையில் உள்ளே நுழைந்ததும் முதல் மூச்சில் அவள் இருபத்திரண்டு வயசுக்குப் போய்விட்டு வருகிறாள். அவர் கற்றுக்கொடுத்த வேலைதான் அவளுக்கும் மகள் ஹரிணிக்கும் சோறு போடுகிறது. இதை எந்தக் கணக்கில் வைப்பது? மோட்டாரைப் பூட்டி முதல் தடவை ஓடவிடும்போது அவள் கையைப் பிடித்து அதன் மேலே வைப்பார். வெச்சுப் பாரு, சிரிக்குது பாரு, என்பார். உள்ளங்கையில் அந்த அதிர்வு ஏறி முழங்கை வரைக்கும் வரும். நன்றாகக் கட்டின மோட்டார் ஒரே சீராக அதிரும், தப்பாகக் கட்டினது இடறும். அந்த வித்தியாசத்தைக் கை கண்டுபிடித்துவிடும், காது கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே. அந்தக் கை. அதை நினைக்காதே. வெள்ளோடு பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் இறக்கப் போனது ஞாபகம் வந்தது. சித்திரை மாசம், பதினைந்து நாளாகத் தண்ணியில்லாமல் கரும்பு வாடிக்கிடந்த காடு. டிவிஎஸ் வண்டியில் பின்னால் மோட்டாரைக் கட்டி, அதற்கும் பின்னால் இடம் இல்லாமல் அவள் முன்பக்கம் ஒடுங்கி உட்கார்ந்து போனார்கள். சுவிட்சைப் போட்டதும் குழாய் இருமியது, காற்றாக வந்தது, செம்மண்ணாக வந்தது, பிறகு வெள்ளையாகக் கொட்டியது. தோட்டத்துக்காரர் சத்தம் போட்டுச் சிரித்தார். இவர் ஓடிப்போய்த் தலையைக் குழாயில் கொடுத்து நனைந்து, எல்லார் முன்னாலும் அவள் மேலே ஒரு கை தண்ணியை வாரி அடித்தார். அடித்தார். அந்த வார்த்தையை அப்போது எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறாள், வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டு. அவரு தண்ணிய வாரி என்ற மேல அடிச்சுப்போட்டாரும்மா.

“ரேணு.”

திரும்பினாள். சென்னியப்பனின் அக்கா லட்சுமி. இவள் நங்கையா என்று கூப்பிடுகிற மனுஷி, பிரசவத்துக்குப் பக்கத்தில் நின்றவர். பெஞ்சில் இவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

“புள்ள எப்படி இருக்குது?”

“பத்தாவது போயிருச்சுங்க நங்கையா. நல்லாப் படிக்குது.”

“பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அவன் செஞ்சது தப்புத்தான் கண்ணு. நா இல்லைன்னு சொல்லல. ஆனா அவன் குடிக்கிறவனா? ஊர் மேயறவனா? ஒரு பீடி குடிச்சு நீ பாத்திருக்கயா? கோவம் ஒண்ணுதான். அதுக்கு ஜெயிலுக்கு அனுப்பறதா?”

“நா அனுப்பலைங்க. சர்க்கார் கேஸுன்னு சொல்றாங்க.”

“சர்க்கார் வந்து பாத்துச்சா? நீ சொன்னாத்தான கேஸு. வக்கீல் சொன்னாரு, ஒரு வார்த்தை போதுமாம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன், கோவத்துல போலீஸ்ல மாத்திச் சொல்லிப்போட்டேன்னு. அவ்வளவுதான். அவங்க பிறழ் சாட்சின்னு எழுதிக்குவாங்க. உனக்கு ஒண்ணும் ஆகாது.”

நங்கையா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “நீயும் அவனும் வண்டியில போறதப் பாத்து ஊரே கண்ணு வெச்சுது அம்மிணி. அதெல்லாம் மறந்துபோச்சா?”

மறக்கவில்லை. அதுதான் சங்கடமே. மறந்துபோயிருந்தால் இந்த பெஞ்சில் இப்படி வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள். நங்கையா எழுந்து புங்கமரத்தடிக்குப் போய்த் தம்பியிடம் ஏதோ சொன்னார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ரேணுகாவுக்குத் தெரியவில்லை. குடிக்கிறவனா என்று கேட்டார் நங்கையா. எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள், ஸ்டேஷனில்கூட. இல்லைங்க என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் எதுக்கு அடிக்கிறான் என்கிற மாதிரி. குடித்திருந்தால் நல்லது என்று அவளே எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். குடி அடித்தது, அவர் அடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். காலையில் தெளிந்து வேறு ஆளாக எழுந்திருப்பார், அந்த வேறு ஆளோடு குடித்தனம் நடத்தலாம். இவர் தெளிவாகத்தான் இருந்தார். முதல் தடவை, ஹரிணிக்கு நாலு வயசு, பட்டறையில் இரண்டு கம்பி முனைகளை மாற்றிச் சேர்த்துவிட்டாள், மோட்டார் புகைந்தது. அதே கையால் ஒரு அறை. அறைந்துவிட்டு அவரே தன் கையைப் பார்த்தார், இது யாருடையது என்கிற மாதிரி. சாயங்காலம் பெருந்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவளுக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கித் தந்தார், வண்டியில் திரும்பி வரும்போது அழுதார். முதுகு குலுங்கியதில்தான் தெரிந்தது. அவள்தான் அந்த முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்றைக்கு அந்த அழுகை எவ்வளவு பெரிசாக இருந்தது, அறை எவ்வளவு சின்னதாக இருந்தது. அப்புறம் அழுகை சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒரு வருஷம் வெறும் தேங்காய் பன், அழுகை இல்லை. அதற்கடுத்த வருஷம் பன்னும் இல்லை. எந்த வருஷம் எது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. மழை நின்றது எப்போது என்று யாருக்குத் தெரிகிறது, குடையை மடக்கும்போதுதானே தெரிகிறது. இடையில் நல்ல நாளும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய். ஹரிணிக்கு அம்மை போட்டபோது பதினொரு நாள் பட்டறையைத் திறக்கவில்லை, வேப்பிலைக் கொத்தை வைத்துக்கொண்டு பிள்ளை பக்கத்திலேயே கிடந்தார்.

உள்ளே யாரோ ஒருவரின் பெயரை டவாலி மூன்று தடவை கூப்பிட்டார். அவளுடையது இல்லை. நாக்கு தானாகவே மேலே போய், முன்பல் உடைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தது. பாதிப் பல், சாய்வாக ஒரு விளிம்பு. கட்டிக்கொள்ளச் சொல்லி டாக்டர் சொன்னார், இவள்தான் கேஸ் முடியட்டும் என்று இருந்துவிட்டாள். இந்தப் பாதிப் பல்லில்தான் கேஸ் நிற்கிறது என்று அரசு வக்கீல் போன வாரம் விளக்கினார். சின்ன வயசுக்காரர், பொறுமையாகத்தான் பேசினார். அம்மா, கையால அடிச்சு வீங்கிப்போச்சு, கன்னிப்போச்சுன்னா அது சாதாரண காயம். எலும்போ பல்லோ உடைஞ்சா கொடுங்காயம். செக்‌ஷன் முன்னூத்தி இருபத்தஞ்சு. ஏழு வருஷம் வரைக்கும்னு புஸ்தகத்துல இருக்கு, அவ்வளவெல்லாம் குடுக்க மாட்டாங்க. கட்டினவனே கொடுமைப்படுத்தினா அதுக்குத் தனியா நானூத்தித் தொண்ணூத்தெட்டு ஏ. அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அப்படியானால் எட்டொன்பது வருஷம் வாங்கினதெல்லாம் சாதாரணம். காது இரண்டு நாள் ஊமையாகக் கிடந்தது சாதாரணம். ஹரிணியின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போகாமல் வீட்டில் கன்னத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது சாதாரணம். ஒரு அரிசி அளவு பல் உடைந்தது மட்டும் கொடுங்காயம். சட்டத்துக்கு எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது, ஸ்லாட்டுக்கு இத்தனை சுற்று என்கிற மாதிரி. அந்தக் கோடு தன் வாய்க்குள்ளே விழுந்திருக்கிறது. பயம் அதுதான். சாதாரணம் என்றால் அவர் நாளைக்கே பட்டறையைத் திறப்பார். கொடுங்காயம் என்றால் அந்தக் கொட்டகைக்குப் பூட்டு, துருப்பிடிக்கிற மோட்டார்கள், அப்பா ஜெயிலில் என்று ஹரிணியின் பள்ளிக்கூடத்தில் பேச்சு. நடுவில் இருக்கிறது தன் வாய், அதற்குள் ஒரு பாதிப் பல்.

அந்த மத்தியானம். அதை வரிசையாகச் சொல்லிப் பழகிக்கோ என்றார் வக்கீல். ஞாயிற்றுக்கிழமை, மூணு மணி. அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தோட்டத்துக்காரர் போன் செய்தபோது சனிக்கிழமை மோட்டார் ஆயிரும்ங்க என்று இவள் வாய்விட்டிருந்தாள், ஆகவில்லை. அந்த ஆள் பட்டறைக்கு வந்து நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான் காரணம். யோசித்தால் அதுகூடக் காரணம் இல்லை. சென்னியப்பன் கதவைத் திறந்து வந்தார், செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். இந்த இடத்தில் அவள் நினைவு எப்போதும் சிக்கிக்கொள்ளும். ஒழுங்காக, ஜோடி சேர்த்து, சுவரோரமாக. கோபத்தில் வருகிறவன் செருப்பை உதறுவான் அல்லவா? அப்புறம், யாரைக் கேட்டுடி சொன்ன, என்று குரல். அப்புறம் மடக்கின கை. தரையில் ஹரிணியின் யூனிபார்ம் பாவாடை மேலே ரத்தம். பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வரும் வரைக்கும் அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், கண்ணில் தூக்கம், ஆனால் கை மெதுவாக இருந்தது. எப்படி ஆச்சு என்று கேட்டார். வழியெல்லாம் பாத்ரூம், வழுக்கல் என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்ததும் ரத்தத்தோடு வேறொன்று வந்துவிட்டது. வீட்டுக்காரர் அடிச்சுட்டாருங்க. டாக்டர் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போல வாய்விட்டு வாசித்தார். தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாக. இப்படித்தான் எழுதணும், பேரெல்லாம் போலீஸ் எழுதிக்குவாங்க. தெரிந்த நபர். இரண்டு வருஷமாக அந்த வார்த்தை அவளை விடவில்லை. தெரிந்த நபர்தான். அவர் தூக்கத்தில் எந்தப் பக்கம் புரள்வார் என்று தெரியும். தயிர்ச்சோற்றுக்கு மாங்காய் ஊறுகாய் தவிர வேறு தொடமாட்டார் என்று தெரியும். பட்டறை ரேடியோவில் பழைய பாட்டு போட்டால் ஸ்க்ரூ டிரைவரால் தாளம் போடுவது தெரியும். கையால். அந்தக் கையும் தெரியும், கட்டைவிரலில் கம்பி அறுத்த தழும்பு, நகத்துக்கடியில் கழுவினாலும் போகாத கறுப்பு. அவ்வளவு தெரிந்த நபரைச் செருப்புக் கழற்றுகிற அந்த ஒரு நிமிஷம் தெரியாமல் போனது எப்படி? இல்லை, தெரியும். அதுவும் தெரியும். செருப்பு ஒழுங்காக இருந்ததைப் பார்த்ததுமே அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள், அவர் செருப்பை அப்படி வைத்தது அது முதல் தடவை இல்லை. தெரிந்துதான் எழுந்தாள். இன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஹரிணி கேட்டாள், இன்னைக்கு அப்பா வருவாராம்மா. வருவாரு. நீ பேசுவியா? கோர்ட்டுல பேசக்கூடாது. கோர்ட்டுக்கு எதுக்கும்மா போற, பேசத்தான போற, என்றாள் பிள்ளை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

“அரசு எதிர் சென்னியப்பன்! சாட்சி ரேணுகாதேவி!”

எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. விஜயராணி முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நினைத்ததை விடச் சின்ன அறை, ஃபேன் ஒரு பக்கமாக இடறிச் சுற்றியது, பேரிங் போயிருக்கிறது என்று நினைத்தாள். கூண்டு என்று கேள்விப்பட்டது இடுப்பளவு மரச்சட்டம்தான். சத்தியம் செய்துவிட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் எதிர்ப்பக்கம் கைகட்டி நின்றார். இப்போது முகம் தெரிந்தது. இளைத்திருந்தார். ஆஜரில் உள்ள எதிரியைத் தெரியுமா என்று அரசு வக்கீல் கேட்டார். “தெரியும்ங்க. என்ற வீட்டுக்காரர்.” சம்பவத்தன்று என்ன நடந்தது என்றார். நங்கையா வாசலோரம் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. வழுக்கி. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றதும் நிஜம். துணி மடித்துக்கொண்டிருந்ததிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். மடக்கின கை வரைக்கும் சொன்னாள். மாஜிஸ்திரேட் அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, டைப் அடிக்கிறவர் தட்டினார். அவள் சொன்னது அவள் குரல் இல்லாமல் வேறொருவர் குரலில் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தது.

சென்னியப்பனின் வக்கீல் எழுந்தார். வயசானவர், கனிவாகத்தான் பேசினார்.

“உங்க அப்பா பக்கவாதம் வந்து படுத்திருந்தப்போ எட்டு மாசம் யாரும்மா தூக்கிக் குளிப்பாட்டுனது?”

அவள் எதிர்பார்க்கவே இல்லை. அறை கொஞ்சம் மங்கியது. கொடுமுடி வீட்டில் அப்பாவை அப்படியே அள்ளி நாற்காலியில் வைத்து, காதுக்குள் தண்ணி போகாமல் உள்ளங்கையால் மறைத்து, மாமா கொஞ்சம் தலையச் சாய்ச்சுக்குங்க, மாமா இந்தப் பக்கம், என்கிற குரல். பெற்ற மகனைப்போல என்று அப்பா வாய் கோணிக்கொண்டு அழுதது.

“அவருதானுங்க.”

“முகம் சுளிச்சிருக்காரா?”

“ஒரு நாளும் இல்லைங்க.”

“அப்பேர்ப்பட்ட மனுஷன் உங்களை அடிச்சாருன்னு நீங்க சொல்றது பொய். நீங்க தவறி விழுந்ததாலதான் பல் உடைஞ்சது. சரிதானே?”

ரேணுகா அவரைப் பார்த்தாள். வக்கீலை அல்ல. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கண்ணில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்கூட இல்லை, அவளுக்கு எப்போதும் பிடித்திருந்த அதே கண். பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

“சரியில்லைங்க,” என்றாள். “எங்கப்பாவக் குளிப்பாட்டுனதும் அவருதான். என்ற பல்ல ஒடச்சதும் அவருதான்.”

டைப் அடிக்கிறவர் கையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். “அம்மா, எதை எழுதறதுங்க?”

மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“ரெண்டையும் எழுதுங்க,” என்றார். “அவங்க சொன்ன வரிசையிலேயே.”